ஒரு போர்வெல் பொய்த்தால் தோட்டமே வறண்டதா?

காங்கேயம் பக்கத்திலிருந்து 33 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஐந்து வருஷம். மனைவிக்கு 29 வயது, தனியார் பள்ளியில் டீச்சர். முதல் மூன்று வருஷமும் சோதனையெல்லாம் மனைவிக்குத்தான் நடந்தது. ரத்தம், ஸ்கேன், கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே, கடைசியில் லேப்ராஸ்கோப்பி. எதிலும் குறையில்லை. அதற்குப் பிறகுதான் இவரை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு முறை கொடுத்தும் உயிரணு பூஜ்யம். விரையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். 34, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 210. ஸ்கேனில் இரண்டு விரையும் தலா நான்கு மில்லிலிட்டர் அளவுதான். வலது விரையில் பயாப்சி எடுத்து, ‘நுண்குழாய்கள் தழும்பேறி இறுகியுள்ளன, லெய்டிக் செல்கள் பெருகியுள்ளன, உயிரணு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எடுத்த குரோமோசோம் சோதனையில் 47, எக்ஸ் எக்ஸ் ஒய். “வாய்ப்பே இல்லை, டோனர் பாருங்கள்” என்று ஓர் ஆஸ்பத்திரியில் மூன்றே நிமிஷத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். சோர்வாக இருக்கிறது என்று வேறோர் இடத்தில் காட்டியதற்கு மாதம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இப்போது எட்டு மாதமாகப் போட்டு வருகிறார்.

மனைவியிடம் “கொஞ்சம் கம்மியா இருக்குதாம்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெண் இன்னும் சிவன்மலைக்கு நடந்துகொண்டிருக்கிறார், கசாயம் குடித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு விஷயம் தெரியும். சொந்த மாமன் மகனைக் கட்டியதால்தான் மகனுக்கு இப்படி ஆயிற்று என்று தன்னையே நொந்துகொள்கிறார். “தம்பியோடதை வெச்சுக்கலாம் சாமி, ரத்தம் ஒண்ணுதானே, வெளிய தெரிய வேண்டாம்” என்றும் சொல்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “ஏனுங்க டாக்டர், எனக்குள்ள பாதி பொம்பளைங்களா? செல்லு பெருகியிருக்குன்னா கேன்சருங்களா? ஆபரேசன் பண்ணினா ஒண்ணாவது கிடைக்குமுங்களா?”

தம்பி, கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்று இவற்றைவிட அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊசி

அடுத்த மாத ஊசியைப் போட்டுக்கொள்வதற்கு முன் ஒரு ஹார்மோன் மருத்துவரையோ ஆண்கள் குழந்தையின்மை பார்க்கும் மருத்துவரையோ பாருங்கள். “குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்” என்ற ஒரு வரியைச் சொன்னால், பெரும்பாலும் அவர் ஊசியை நிறுத்தத்தான் சொல்வார்.

காரணம் எளிது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், ‘சரக்கு நிறைய இருக்கிறது’ என்று மூளை கணக்குப் போடும். விரைக்கு அனுப்பும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் குறைத்துவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருக்கும், தெம்பும் வந்திருக்கும். ஆனால் உயிரணு உற்பத்திக்கு வேண்டியது விரைக்கு உள்ளேயே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். அது வற்றிப்போகும். குறையில்லாத ஆணுக்கே இந்த ஊசியால் கவுண்ட் பூஜ்யத்துக்கு இறங்கலாம். ஏற்கெனவே நாலைந்து குழாய்களில் மட்டும் ஏதோ நடந்துகொண்டிருக்கக்கூடிய உங்கள் விரைக்கு இது அடைத்துவிட்ட மடை மாதிரி. ஓர் உயிரணு முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதனால் ஊசியை நிறுத்தி ஆறு மாதமாவது கழித்துத்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம். இடைப்பட்ட காலத்தில் சோர்வு திரும்பி வரலாம். தேவைப்பட்டால் விரையையே சுரக்கத் தூண்டும் மருந்துகளை மருத்துவர் தருவார். உயிரணு கிடைக்கும் வாய்ப்பை அவை எவ்வளவு கூட்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆனாலும் உங்களைப் போல டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்திருப்பவர்களுக்குப் பலரும் கொடுத்துப் பார்க்கிறோம்.

ஊசி எழுதிய மருத்துவர் கெட்டவர் அல்ல. உங்களுக்கு அந்த ஊசி ஒரு நாள் தேவைப்படத்தான் போகிறது. இது அதற்கான நேரமில்லை, அவ்வளவுதான்.

பாதி பொம்பளையா?

இல்லை. ஒய் குரோமோசோம் இருக்கிறது, அதனால் நீங்கள் முழு ஆண். கூடவே ஓர் எக்ஸ் அதிகமாக வந்திருக்கிறது. இதைக் கிளைன்ஃபெல்டர் சின்ட்ரோம் என்கிறோம். ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1942-இல் இதை விவரித்து எழுதினார். காரணம் கூடுதல் எக்ஸ்தான் என்று 1959-இல் தெரிந்தது. ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. விந்தில் உயிரணுவே இல்லாத ஆண்களை எடுத்தால் பத்தில் ஒருவருக்கு இருக்கும். உங்கள் களத்துக்கு லோடு ஏற்ற வருகிறவர்களில்கூட ஒருவர் இருக்கலாம். பலருக்கு ஆயுசு முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தப் பத்தியை வாசித்தே காட்டுங்கள். சொந்தத்தில் கட்டியதால் வரும் நோய்கள் உண்டு. இது அந்த வகை இல்லை. கருமுட்டையோ உயிரணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிய வேண்டிய இடத்தில் ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது அம்மா வழியாகவும், மீதிப் பாதிக்கு அப்பா வழியாகவும் வருகிறது. அசலில் கட்டியிருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம். அவர் அழுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

பயாப்சித் தாளில் இருப்பது

உயிரணு உருவாகும் விரையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்ட வட்டமாகக் குழாய்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்கும் மெலிது. ஓரத்தில் மூலச் செல்கள், உள்ளே போகப்போகப் படிப்படியாக முதிர்ந்தவை, நடுவில் வாலோடு உயிரணுக்கள். இவற்றையெல்லாம் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்கள் இடையிடையே நிற்கும். குழாய்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் கொத்துக் கொத்தாக லெய்டிக் செல்கள். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை இவை.

கிளைன்ஃபெல்டர் உள்ளவரின் சில்லு அப்படி இருக்காது. குழாய் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, உள்ளே ஒன்றுமில்லாமல், கஞ்சி உறைந்த மாதிரி ஒரு வட்டம் தெரியும். குழாயின் சுவர் தடித்துத் தடித்து உள்ளிடமே அடைபட்டுப்போன நிலை அது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘தழும்பேறி இறுகியது’ என்று இருப்பது இதைத்தான். மூலச் செல்கள் குறைவது தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது இந்த இறுக்கம் வேகம் பிடிக்கிறது. ஆகவே பைக் ஓட்டியதும், களத்து வெயிலில் நின்றதும், காலேஜ் நாட்களில் நீங்கள் பண்ணியதாகத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் அந்த விஷயமும் இதற்குக் காரணமே இல்லை.

லெய்டிக் செல் பெருக்கமும் கேன்சர் இல்லை. குழாய்கள் சுருங்கியதால் காலியான சந்துகளில் அந்தச் செல்கள் கூட்டமாகத் தெரிகின்றன. போதாக்குறைக்கு, மூளை எல்.ஹெச்.சை அனுப்பி ‘சுர, சுர’ என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. உழைக்கிறார்கள், ஆனால் உற்பத்தி போதவில்லை. 210 என்ற எண் சொல்வது அதைத்தான்.

இப்போது ‘வாய்ப்பே இல்லை’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வலது விரையில் ஓர் இடத்தில் எடுத்த, அரிசி அளவுள்ள ஒரு துண்டைப் பற்றி மட்டுமே சொல்கிறது. நீங்கள் காங்கேயத்துக்காரர், உங்களுக்குப் போர்வெல் கணக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஆயிரம் அடி இறக்கியும் புகை வந்திருக்கும். அதே தோட்டத்தில் நூறு அடி தள்ளிப் போட்டதில் தண்ணீர் பீய்ச்சியிருக்கும். கிளைன்ஃபெல்டர் விரையும் அப்படித்தான். பெரும்பகுதி இறுகிக் கிடந்தாலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒருசில குழாய்கள் தப்பித்து உயிரணு உருவாக்கிக்கொண்டிருக்கக்கூடும். அப்படித் தப்பிய இடங்களில் உள்ள மூலச் செல்கள் பெரும்பாலும் அந்தக் கூடுதல் எக்ஸை எப்படியோ உதறிவிட்டவை.

ஒன்றில் மட்டும் இந்த உவமை பொருந்தாது. போர் பொய்த்தால் பணம்தான் போகும், நிலம் அப்படியே இருக்கும். விரையில் எடுக்கும் ஒவ்வொரு துண்டும், உள்ளதே நான்கு மில்லி என்னும்போது, கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிற கதையாக இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று வெட்டிப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்னொரு பயாப்சிக்கு யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மைக்ரோ-டெஸி

முழு மயக்கம் கொடுத்து, விரையின் வெள்ளை உறையை நடுவாக்கில் திறந்து, அறுவை மைக்ராஸ்கோப்பில் 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கி, குழாய் குழாயாகத் தேடும் முறை இது. 1990-களின் கடைசியில் நியூயார்க்கில் உருவானது. இறுகிய குழாய்கள் மெலிந்து, மஞ்சள் பூத்து, நூல் மாதிரி கிடக்கும். உயிருள்ள குழாய் கொஞ்சம் பருத்து வெளுப்பாகத் தெரியும். அதை மட்டும் கிள்ளி எடுத்துப் பக்கத்து அறையில் இருக்கும் கருவியல் நிபுணரிடம் கொடுப்போம். அவர் அங்கேயே பிரித்துப் பார்த்து “இருக்கு” அல்லது “இல்லை” என்று குரல் கொடுப்பார். இரண்டு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, நான்கு மணி நேரம் போவதும் உண்டு. கிடைப்பது கைவிரலில் எண்ணுகிற அளவுதான் என்பதால் இயற்கையாகவோ, கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையிலோ பயன்படுத்த முடியாது. ஒரு கருமுட்டைக்குள் ஓர் உயிரணுவை நேராகச் செலுத்தும் ‘இக்சி’தான் வழி.

எண்களை மறைக்காமல் சொல்கிறேன். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் இந்த அறுவையில் உயிரணு கிடைப்பது நூற்றுக்கு 40 முதல் 50 பேருக்கு. கிடைத்தவர்களிலும் எல்லோருக்கும் குழந்தை தங்குவதில்லை. அறுவைக்கு வந்தவர்களில் கடைசியில் தன் குழந்தையைக் கையில் ஏந்துகிறவர் ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் சற்றுக் குறைவாக இருக்கலாம். உங்கள் எஃப்.எஸ்.ஹெச். 34 என்பதை வைத்தோ, விரை சின்னது என்பதை வைத்தோ கிடைக்குமா கிடைக்காதா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. விளம்பரத்தில் ‘90 சதவீதம்’ என்று போட்டிருந்தால் எதில் 90 என்று கேளுங்கள். விந்துக்குழாய் அடைப்பு உள்ளவர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். அவர்களுக்கு உற்பத்தி நன்றாகவே இருக்கும், ஊசியில் உறிஞ்சினாலே கிடைத்துவிடும்.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை:

– கிளைன்ஃபெல்டர் உள்ள எத்தனை பேருக்கு நீங்களே செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குக் கிடைத்தது?

– அறுவைக்கு முன் இன்னொரு முறை விந்தைச் சுழற்றி அடிமண்டியைப் பார்ப்பீர்களா? (அபூர்வமாக அதிலேயே ஒன்றிரண்டு இருக்கும். பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.)

– முதலில் எனக்கு அறுவை செய்து, கிடைத்தால் உறையவைத்து, பிறகு மனைவிக்கு ஊசி போடுவீர்களா? அல்லது இருவருக்கும் ஒரே நாளா? ஒரே நாள் என்றால், எனக்குக் கிடைக்காதபோது அவருடைய கருமுட்டைகளை என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கான பதிலை அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மயக்கம் தெளியாமல் நீங்கள் படுத்திருக்க, வராந்தாவில் நிற்கும் உங்கள் மனைவியிடம் “டோனர் போட்டுவிடலாமா, அரை மணி நேரத்தில் சொல்லுங்கள்” என்று கேட்கும் நிலை வரவே கூடாது. அப்படிக் கேட்கப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

அறுவைக்குப் பிறகு சில நாள் வீக்கம், வலி இருக்கும். ரத்தம் கட்டலாம், தொற்று வரலாம். டெஸ்டோஸ்டிரோன் இன்னும் இறங்கும். பலருக்கு ஓராண்டுக்குள் ஓரளவு மேலேறும், சிலருக்கு ஏறவே ஏறாது.

மனைவி

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருந்தது இதுதான். மூன்று வருஷம் அவரைச் சோதித்துவிட்டு உங்களைப் பார்த்தது எங்கள் தொழிலின் தவறு. சுலபமாக முடிகிற, சில நூறு ரூபாய் விந்துப் பரிசோதனையை முதல் நாளே செய்திருந்தால் லேப்ராஸ்கோப்பித் தழும்பு அவர் வயிற்றில் இருந்திருக்காது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் குரோமோசோம் ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அவர் குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் கசாயத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

‘சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ’ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. போகவே மாட்டார் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. மேலே சொன்ன எந்த வழியிலும் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவர் அவர், கருமுட்டை எடுக்க மயக்கத்தில் படுப்பவர் அவர். செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் (2021) இருவருடைய எழுத்துச் சம்மதத்தையும் கேட்கிறது. எதற்கென்று தெரியாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது. கல்யாணத்துக்கு முன் உங்களுக்கே இது தெரியாது. ஆகவே மறைத்துக் கட்டினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இனிமேல் மறைத்தால் சொல்வார்கள். ஊரில் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். உயிரணு இல்லாதது வேறு, ஆண்மையின்மை வேறு. உங்கள் தாம்பத்தியத்தில் குறையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் அம்மா இருக்கும்போது சொல்ல வேண்டாம். தனியாகச் சொல்ல நா எழவில்லை என்றால் டாக்டர் அறைக்கு அழைத்துப் போங்கள். ரிப்போர்ட்டை நாங்கள் விளக்குகிறோம். கடவுளை வேண்டிக்கொள்வதை விடச் சொல்ல வேண்டாம், கசாயத்தை நிறுத்தச் சொன்னால் போதும்.

தம்பியுடையதை வைத்துக்கொள்ளலாமா?

சட்டப்படி முடியாது. தானமாக வரும் உயிரணு பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும், நோய்ச் சோதனைகள் முடித்திருக்க வேண்டும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. ஒருவர் கொடுத்ததை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் தரலாம். பிறக்கும் குழந்தை சட்டத்தின் முன் முழுக்க முழுக்க உங்கள் இருவருடைய குழந்தை. கொடுத்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. “யாருக்கும் தெரியாம பண்ணித் தர்றோம்” என்று எந்த ஆஸ்பத்திரியாவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த யோசனையில் உங்கள் மனைவியின் சம்மதத்தைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாளைக்குப் பங்காளிகளுக்குள் நிலம் பிரிக்கும்போது வாய் தவறி வரும் ஒரே ஒரு வார்த்தை போதும். அம்மா பாசத்தில் சொல்கிறார், சரி. நீங்கள் அதற்குத் தலையாட்ட வேண்டாம்.

தானம் பெறுவதோ, தத்தெடுப்பதோ, இருவராகவே வாழ்வதோ எதுவானாலும், அறுவை முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று தள்ளாமல் இருவரும் இப்போதே பேசி வையுங்கள். அறுவையே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தாலும் அதில் தப்பில்லை. தத்தெடுக்க நினைத்தால் மத்திய அரசின் காரா இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும், காத்திருப்பு நீளம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

குழந்தைக்கும் வருமா?

இப்படிக் கிடைத்த உயிரணுவில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் இயல்பாகவே இருந்திருக்கிறது. கவலை இருந்தால் கருவை உள்ளே வைப்பதற்கு முன்பே சோதிக்கும் வசதி உண்டு. நோய்க்காக மட்டும்தான் அதைச் செய்யலாம். அந்தச் சாக்கில் ஆணா பெண்ணா என்று கேட்பதை 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. உயிரணு பூஜ்யம், ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை சரி என்று வந்தவர்கள் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். உயிரணு உற்பத்திக்கு வேண்டிய ஏ.இசட்.எஃப். என்ற இடத்தில் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லை என்று வந்தால் அறுவை செய்வது வீண், விரையைத் திறக்கவே கூடாது. சி பகுதி மட்டும் என்றால் பாதிப்பேருக்குக் கிடைக்கும். ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை போகும்.

உங்களுக்குக் குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கு எலும்பு தேய்வதும், சர்க்கரையும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் மற்றவர்களைவிடக் கூடுதல். மார்பகப் புற்றுநோயும் மற்ற ஆண்களைவிடச் சற்று அதிகம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் காட்டுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன், சர்க்கரை, டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் வருஷக் கணக்கில் பார்த்து வர வேண்டும். குழந்தை முயற்சி முடிந்ததும், நான் இன்று நிறுத்தச் சொல்லும் அதே ஊசியை நானே எழுதிக் கொடுப்பேன்.

வரும்போது அந்தத் தாளை மட்டும் எடுத்து வந்தால் போதாது. பயாப்சி எடுத்த இடத்தில் கண்ணாடிச் சில்லும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் இருக்கும். இரண்டாவது கருத்துக்கு வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவற்றைக் கேட்டு வாங்குங்கள். வெயில் படாமல், களத்துச் சூட்டில் வைக்காமல் கொண்டு வாருங்கள், மெழுகு உருகிவிடும். குரோமோசோம் ரிப்போர்ட்டின் அசலும் வேண்டும், எத்தனை செல்களை எண்ணினார்கள் என்று அதில் போட்டிருக்கும். சிலருக்கு ஒரு பகுதிச் செல்கள் மட்டும் எக்ஸ் எக்ஸ் ஒய் ஆக இருக்கும், அது தெரிந்தால் கணக்கு மாறும். கடைசி ஊசி போட்ட தேதியை அதன் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் ஆறு மாதத்தை எண்ண வேண்டும்.